சுண்டு விரலுக்கு இடமில்லாத கேமரா

முதல் நாள்

நான் வேலைக்குச் சேர்ந்த கடை அம்பத்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது. கேமரா வாடகைக்கு விடும் கடை. கூட்டித் துடைக்க ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். அப்போது எனக்கு ஐம்பத்தெட்டு வயது. அஞ்சாவது வரை படித்தவள். அதற்கு முன் கேமராவைத் தொட்டது கிடையாது. கல்யாண வீட்டில் கேமராக்காரர் என் பக்கம் திரும்பினால் எழுந்து பந்திப் பக்கம் போய்விடுவேன். அவ்வளவு கூச்சம்.

முதலாளி பெயர் தயாளன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். நான் ஹாலைக் கூட்டிக்கொண்டிருந்தபோது போனில் யாரிடமோ பேசினார்.

"ரெண்டு பாடி ரெடியா கீது மாமே. காலையில வந்து தூக்கிகினு போ. ஆனா சாயங்காலம் திருப்பிக் குடுத்துடணும், ஆமா."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தச் சொல்லை இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி வாசலில் கேட்டிருந்தேன். "பாடி வாங்க யாரு வந்துகீறது?" என்று ஒருவர் சீட்டைப் பார்த்தபடியே கேட்டார். நான்தான் கையைத் தூக்கினேன். என் வீட்டுக்காரருக்கு அதற்குள் பெயர் போய்விட்டிருந்தது. பிள்ளைகள் இல்லை. அதனால் வேறு கை எதுவும் எழவில்லை. இங்கே என்னவென்றால் இரண்டு பாடியாம், தூக்கிக்கொண்டு போக வேண்டுமாம், சாயங்காலம் திருப்பிக் கொண்டுவர வேண்டுமாம்.

கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். "யக்கா, உள்ள பீரோவுல மேல் தட்டுல ஒரு பாடி கீது. எட்தா."

இப்போது இன்னொரு அர்த்தம் தோன்றி முகம் சுட்டது. பெண்கள் ரவிக்கைக்கு உள்ளே போடுவதற்கும் அதே பெயர்தானே. ஆம்பிளை ஒருத்தர் முதல் நாளே இப்படிக் கேட்கிறாரே என்று சுவரோடு ஒட்டி நின்றேன்.

"இன்னாக்கா நின்னுகினே கீற? சீக்கிரம். அது பாடிக்குப் போவணும்."

பாடி என்பது அம்பத்தூரை அடுத்த ஊர். எந்தப் பாடி எந்தப் பாடிக்குப் போகிறது என்று எனக்குப் புரியவில்லை. கடைசியில் அவரே எழுந்துபோய் எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். லென்ஸ் கழற்றிய கேமரா. இந்தத் தொழிலில் லென்ஸ் தனி, பாடி தனி. நான் ஏன் அப்படி நின்றேன் என்பது அவருக்கு மெல்லப் புரிந்தது. அவர் சிரித்த சிரிப்பில் கீழே இருந்த ஜெராக்ஸ்காரர் படியேறி வந்து என்னவென்று கேட்டார். அவரிடமும் சொல்லிச் சிரித்தார். நான் அன்று முழுக்க வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகும் அந்தக் கடையில் அதிகம் பேசியவள் இல்லை.

கைக்குத் தெரிந்தது

கூட்ட வந்தவளுக்குக் கேமரா துடைக்கும் வேலை தானாக வந்து சேர்ந்தது. துடைத்துக்கொண்டிருந்த பையன் வேறு வேலைக்குப் போய்விட்டான். எனக்குக் கை வியர்க்காது, அவசரமும் கிடையாது. தயாளன் ஒரு வாரம் பார்த்துவிட்டு உள் அறையை என்னிடம் விட்டுவிட்டார்.

கல்யாணத்துக்குப் போய்வரும் கேமராவில் சந்தனம் ஒட்டியிருக்கும், பன்னீர் காய்ந்திருக்கும். ஃப்ளாஷ் மாட்டும் பள்ளத்தில் அட்சதை அரிசி சிக்கியிருக்கும். அதைப் பல் குத்தும் குச்சியால் எடுக்க வேண்டும், ஊசியால் எடுக்கக் கூடாது. நான் சேர்ந்தபோது இருந்தவை பெரும்பாலும் உள்ளே கண்ணாடி வைத்தவை. பட்டனை அழுத்தினால் கண்ணாடி எழும்பி இறங்கும், 'டக்'கென்று சத்தம் வரும். பிறகு மிரர்லெஸ் வந்தது. கண்ணாடி இல்லாததால் பெட்டி ஒல்லி. லென்ஸைக் கழற்றினால் படம் பதியும் சென்சார் வெட்டவெளியாகத் தெரியும். மூடி போடாமல் ஒரு நிமிஷம் வைத்தாலும் தூசி விழுந்துவிடும்.

பெயர்கள் எல்லாம் இங்கிலீஷில் இருக்கும். எனக்கு அவை பிடிபடவில்லை. தயாளன் ஒவ்வொன்றின் அடியிலும் நம்பர் ஒட்டியிருந்தார். கொஞ்ச நாளில் அந்த நம்பரும் தேவைப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் எது எது என்று சொல்லிவிடுவேன்.

நாலாம் நம்பர் பெரியது. பிடி ஆழமாக, உள்ளங்கை நிறைய இருக்கும். எடுத்தவுடன் எல்லாருக்கும் பிடிக்கும். அரை மணி நேரம் தூக்கி வைத்திருந்தால் மணிக்கட்டு சொல்லும். ஏழாம் நம்பர் நடுத்தரம். பிடி நல்ல பிடிதான், ஆனால் பிடிக்கும் லென்சுக்கும் நடுவில் சந்து குறைவு. தடித்த லென்ஸ் மாட்டினால் விரல் முட்டி உரசிச் சிவந்துவிடும். பதினோராம் நம்பர் சின்னது. சோப்பு டப்பா போலத் தட்டை. பிடி என்ற பெயருக்கு ஒரு மேடு மட்டும் இருக்கும். நடு விரலும் மோதிர விரலும் உட்கார்ந்தால் சுண்டு விரலுக்கு இடம் இருக்காது, கீழே தொங்கும். பெரிய லென்ஸ் மாட்டினால் பாரம் தாங்காமல் முன்பக்கம் சாய்ந்துவிடும். சின்ன லென்ஸோடு இருந்தால் தொந்தரவே கிடையாது. ஆனால் அதை யாரும் கேட்க மாட்டார்கள்.

"பொண்ணு ஊட்டுல கேக்குறாங்கண்ணா, கேமரா எடுத்தாரலியா, செல்லுலயே புடிக்கிறீங்களான்னு" என்று ஒருவர் பதினொன்றைத் திருப்பிக் கொடுத்தபோது சொன்னார். அதிலிருந்து அது கீழ்த்தட்டுக்குப் போய்விட்டது.

சைஸ் கேட்டு வருகிறவர்களுக்குத் தயாளன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டுவார். இரண்டு கேமராவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த படம். "பாரு தலீவா, இது அத்தவுட இவ்ளோதான் கம்மி. வெயிட்டும் போட்டுகீறான்." முன்பக்கம், பின்பக்கம், மேல்பக்கம் எல்லாம் அந்தப் படத்தில் இருக்கும். பிடிக்கிற கை மட்டும் இருக்காது. படத்தைப் பார்த்து எடுத்துப் போகிறவர் திங்கட்கிழமை என்ன குறையோடு வருவார் என்பது அவர் விரலைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். நான் சொன்னதில்லை. துடைக்கிறவளிடம் யார் கேட்கப் போகிறார்கள்?

சில நாள் காலையில் போய், துடைத்து, வைத்து, கிளம்பும் வரை ஒரு வார்த்தை பேச வேண்டி வராது. சாயங்காலம் வீட்டுக்குப் போக ஷேர் ஆட்டோவில் "சேக்காடு" என்று சொல்லும்போது தொண்டை கரகரக்கும். அன்றைய முதல் பேச்சு அதுவாக இருக்கும்.

மஞ்சுளா

மஞ்சுளா முதலில் வந்த அன்று தயாளன் போனில் இருந்தார். அவள் நேராக உள் அறைக்கு வந்துவிட்டாள். நாற்பது வயது இருக்கும். வலது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்திருந்தாள். நான் பார்க்காததுபோல இருந்தேன். அவளே வெளியே எடுத்துக் காட்டினாள். மோதிர விரலும் சுண்டு விரலும் அடியோடு இல்லை.

"பிரஸ்ஸு மிஷின்ல போச்சும்மா. அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனி. ரெண்டு வெரலு போனதுக்கு அப்புறம்தான் எனக்கு லீவே குடுத்தானுங்க" என்று சிரித்தாள்.

நான் துடைத்துக்கொண்டிருந்த லென்ஸைக் கீழே வைத்தேன்.

தங்கை வீட்டுக்காரரின் கேமராவில் கற்றுக்கொண்டிருந்தாள். ஊர் வெள்ளானூர். மஞ்சள் நீராட்டு, சீமந்தம் இப்படிப் பெண்கள் கூடும் விசேஷங்களுக்குப் பெண் ஒருத்தி படம் எடுக்க வந்தால் நல்லது என்று நினைக்கும் வீடுகள் உண்டு. அந்த வேலைகளைப் பிடிக்கலாம் என்று இறங்கியிருந்தாள். கைக்கு ஒத்த கேமரா எது என்று மட்டும் தெரியவில்லை. தெரிந்தால், விரலுக்காகக் கம்பெனி கொடுத்த பணத்தில் ஒன்று வாங்கிவிடுவாளாம். அதுவரைக்கும் வாடகை.

தயாளன் அவளுக்கு நாலாம் நம்பரைக் கொடுத்தார். "பெருசா எத்துகினு போம்மா. அப்பத்தான் மதிப்பானுங்க."

வெள்ளிக்கிழமை எடுப்பாள், திங்கட்கிழமை திருப்புவாள். வந்தால் உடனே போக மாட்டாள். என் ஸ்டூலுக்கு எதிரில் கீழே குந்திக்கொள்வாள். மாமியார், பஸ் கண்டக்டர், எந்த வீட்டுப் பாயசத்தில் முந்திரி இல்லை, எல்லாம் சொல்வாள். நான் துடைத்துக்கொண்டே கேட்பேன்.

"நீ இன்னாம்மா, 'உம்' கொட்றதுக்குக்கூட கணக்குப் பாக்குற?" என்பாள்.

அவளுக்காக நான் 'உம்' கொட்டப் பழகினேன். பிறகு ஒன்றிரண்டு வார்த்தை. பிறகு என் வீட்டுக்காரரைப் பற்றிக்கூடச் சொன்னேன். யாரிடமும் சொல்லாதது. இரண்டு டிபன் டப்பாவில் வெள்ளிக்கிழமை புளிசாதம் கட்டிக்கொண்டு போக ஆரம்பித்தேன்.

அவள் வர ஆரம்பித்த இரண்டாம் வாரம், தயாளன் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், என் வலது கையில் மோதிர விரலையும் சுண்டு விரலையும் மடக்கி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டேன். அப்படியே ஒவ்வொரு கேமராவாக எடுத்துப் பார்த்தேன். நாலாம் நம்பர் கையில் நிற்காமல் சுழன்றது. அவ்வளவு பெரிய பிடி மூன்று விரல் சுற்றிப் பிடிப்பதற்காகச் செய்தது. ஒற்றை நடு விரலால் அதை அடக்க முடியாது. ஏழும் அப்படித்தான். ஒன்பது இன்னும் மோசம். கடைசியாகக் கீழ்த்தட்டில் இருந்த பதினொன்றைச் சின்ன லென்ஸோடு எடுத்தேன். இடது கை அடியில் தாங்கியது. வலது கையில் கட்டை விரல் பின்னால், நடு விரல் முன்னால், ஆள்காட்டி விரல் பட்டன்மேல். அசையவில்லை. சுண்டு விரலுக்கு இடமில்லை என்று ஊரெல்லாம் குறை சொன்ன கேமரா. அவளுக்கு அந்த விரலே இல்லையே.

தயாளன் உள்ளே வந்து, "இன்னாக்கா, கை சுளுக்கிகிச்சா?" என்றார்.

"இல்ல சார்" என்று ரப்பர் பேண்டைக் கழற்றினேன். பதினொன்றை மறுபடி கீழ்த்தட்டில், பின்வரிசையில் வைத்தேன்.

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் நடந்தது இதுதான். வாடகைக் கடையில் வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று தெரியும். கைக்கு ஒத்தது கிடைத்துவிட்டால் அதையே சொந்தமாக வாங்கிக்கொள்வார்கள். வாங்கியவர்கள் மாடிப்படி ஏற மாட்டார்கள். நாலைக் குறை சொன்னவளுக்கு அந்த வெள்ளிக்கிழமை நான் ஏழாம் நம்பரை எடுத்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் ஒன்பது. அதற்கடுத்த வாரம், கழுத்தில் மாட்டும் வாரை மட்டும் மாற்றி, மறுபடியும் நாலு. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவள் ஒரு குறையோடு வருவாள். குறை பெரிதாக இருந்தால் பேச்சும் நீளமாக இருக்கும். பதினொன்றைக் கொடுத்தால் விசேஷ வீட்டில் கேலி செய்வார்கள், அவளுக்குத்தான் கெட்ட பெயர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய்யும் இல்லை. ஆனால் நான் மறைத்ததற்குக் காரணம் அது இல்லை.

இப்படி மூன்று மாதம் போயிற்று.

சேக்காட்டுச் சீமந்தம்

ஒரு திங்கட்கிழமை வந்தவள் கீழே குந்தவில்லை. கேமராப் பையை மேசைமேல் வைத்துவிட்டு நின்றாள்.

"ஒங்க சேக்காட்டுலதாம்மா சீமந்தம். தாய் மாமன் பொண்டாட்டி மொத வளையல் போடுறா. நான் கேமராவத் தூக்குறேன், அது அப்டியே கையில திரும்பிகிச்சு. புடிக்கறதுக்குள்ள வளையல் ஏறிடுச்சு. மறுக்கா ஒரு தபா போடுங்கன்னு கேட்டேன். அந்த மாமன் இன்னா சொன்னான் தெரியுமா? 'அஞ்சு வெரலு கீற ஆளா கூட்டியாங்கடா'ன்னான். அந்தப் பொண்ணு வயித்துல கைய வெச்சிகினு தலைய குனிஞ்சிகிச்சு. எனக்காவ."

நான் துடைக்கும் துணியை மடித்தேன், பிரித்தேன்.

"திருமழிசையில ஒரு கம்பெனியில பேக்கிங்குக்குக் கூப்புடுறாங்க. அடுத்த திங்கக்கெழம சொல்லிடணும். ஞாயித்துக்கெழம எங்க தெருவுலயே ஒரு மஞ்சத் தண்ணி ஒத்துகினு கீறேன். அதுவும் இப்டி ஆச்சுன்னா வுட்டுடுவேம்மா. அட்டப் பொட்டிய மடிக்கறதுக்கு மூணு வெரலு போதும்."

அந்த வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை அவள் வந்தபோது பதினொன்றைத் துடைத்து, சின்ன லென்ஸ் மாட்டி, மேசைமேல் தயாராக வைத்திருந்தேன்.

தயாளன் பார்த்துவிட்டார். "யக்கா, இன்னா இது? போயும் போயும் இத்தயா குடுக்குற? கொழந்த வெளையாட்ற சாமான் மாரி கீது. ஏற்கெனவே அவ நொந்து போய் கீறா."

"படம் புடிக்கிற கை அவளுது சார்" என்றேன். வாடிக்கையாளர் முன்னால் நான் அவரை எதிர்த்து வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

மஞ்சுளாவிடம் சொன்னேன். "பெரிய புடி மூணு வெரலுக்குப் பண்ணது. ஒனக்கு நடு வெரலு ஒண்ணுதான் அங்க. அதான் சுத்திக்குது. இது தட்ட. பாரத்த எடது கை தாங்கட்டும். வலது கை அத்த இறுக்கிப் புடிக்க வேணாம், தொட்டுகினு இருந்தாப் போதும்."

அவள் எடுத்தாள். கண்ணில் வைத்தாள். இந்தப் பக்கம் திரும்பினாள், அந்தப் பக்கம் திரும்பினாள். ஓடுகிற ஃபேனை எடுத்தாள், காலண்டரை எடுத்தாள், தயாளனின் செருப்பை எடுத்தாள். கேமரா எங்கேயும் சுழலவில்லை. இறக்கும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"இது இத்தினி நாளா எங்கம்மா இருந்துச்சு?"

"வெளிய போயிருந்துச்சு" என்றேன்.

"வெளியவா?" என்றார் தயாளன். அவருக்கு ஒன்றும் தெரியாது, வெள்ளை மனசு. "இத்த எவன் எடுக்குறான்? வருசக்கணக்கா அடித்தட்டுலதான் குந்திகினு கீது. யக்காவுக்கு வயசாச்சு, மறந்துட்டா."

மஞ்சுளா என்னைப் பார்த்தாள். நான் லென்ஸ் மூடியைத் தேடுவதுபோலக் குனிந்தேன். மூடி என் கையில்தான் இருந்தது.

திங்கட்கிழமை வந்தாள். மஞ்சள் நீராட்டு நன்றாக நடந்ததாம். கேலி செய்தார்களாம், ஒருவர் "பாக்கெட்டுல வெச்சிகினு வந்தியா?" என்று கேட்டாராம். படத்தைக் காட்டிய பிறகு அடுத்த தெருவிலிருந்து இரண்டு வீட்டார் நாள் கேட்டார்களாம். திருமழிசைக்குப் போன் பண்ணி வரவில்லை என்று சொல்லிவிட்டாள். எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, என் எதிரில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"ஒனக்கு எப்பம்மா தெரியும்?"

இந்தத் தடவை பொய் வரவில்லை. "ரெண்டாவது வாரமே."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீ வர மாட்டியேன்னு."

அவள் வலது கையை மறுபடி துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டாள்.

"அந்த சீமந்த ஊட்டுல இருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் கைய மறைச்சிகினு அழுதுகினே வந்தேம்மா" என்றாள். "வாம்மான்னு கூப்டிருந்தா நான் சும்மாகூட வந்திருப்பேன். எனக்கு அது தோணல, ஒனக்கு வாய் வரல."

தயாளன் பதினொன்றை அவளுக்கே விற்றுவிட்டார். யாரும் எடுக்காத கேமரா போனதில் அவருக்குச் சந்தோஷம். அவள் பையை மாட்டிக்கொண்டு, உள் அறை வாசலில் வந்து நின்று, "வரேம்மா" என்றாள். நம் ஊரில் போகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

வரவில்லை. கோபம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆவடிப் பக்கம் பெண்கள் விசேஷம் என்றால் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தயாளன் சொல்வார். ஞாயிறு, முகூர்த்த நாள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறவளுக்கு ஒரு வாடகைக் கடையில் என்ன வேலை?

நான் அதற்குப் பிறகும் நாலு வருஷம் அங்கே இருந்தேன். முட்டி வலி தாங்காமல்தான் நின்றேன். கவுன்டருக்குப் பின்னால் நிற்கும் பிள்ளைகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கேமராவைப் பார்க்கும் முன் வாங்க வந்தவரின் கையைப் பாருங்கள். அந்தக் கைக்கு எது ஒத்துப்போகும் என்று தெரிந்த அன்றே சொல்லிவிடுங்கள். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் அந்த ஒரு வாரமும் அவர்கள் எங்கேயோ ஒரு வீட்டில் நாலு பேர் முன்னால் தலை குனிந்து நிற்பார்கள். அது நம் கண்ணுக்குத் தெரியாது.

மஞ்சுளா போய்ச் சில மாதம் கழித்து ஒருவர் வந்தார். கிரிக்கெட் மேட்ச் படம் எடுப்பவர். விரல் ஒவ்வொன்றும் வாழைப்பழம் போல இருந்தது. கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு ஏழாம் நம்பரைக் கேட்டார். நான் உள்ளேயிருந்து எழுந்து வந்து, "அது வேணாம் சார், ஒங்க வெரலு லென்ஸுல உரசும். நாலு எத்துகினு போங்க" என்றேன். கையில் வாங்கிப் பார்த்தார். என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். "கரெக்ட்டுமா" என்றார். நல்ல மனிதர். அந்த வாரம் எடுத்துப் போய்விட்டு, திருப்பித் தரும்போதே அதே மாதிரி புதியது ஒன்று வாங்கிவிட்டதாகத் தயாளனிடம் சொல்லிவிட்டுப் போனாராம். நான் அப்போது கீழே தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேன். அவர் பெயரைக் கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.